ஓவியத்தின் ஏழு கூறுகள்: நடுநிலை வகுப்பில் எப்படிச் சொல்லித் தருவது?

ஆறாம் வகுப்புப் பையன் ஒருவன் தன் ஷூவைக் கழற்றி மேசை மேல் வைத்து வரைகிறான். கால் மணி நேரம் தலை நிமிராமல் வரைந்தவன், பென்சிலைக் கீழே வைத்துவிட்டுப் படத்தையும் ஷூவையும் மாறி மாறிப் பார்க்கிறான். "நல்லா வரலை டீச்சர்" என்று தாளைக் கவிழ்த்து வைத்துவிடுகிறான். எது நல்லா வரலை என்று கேட்டால், "எல்லாமே" என்கிறான்.

ஓவிய வகுப்பு எடுக்கும் எல்லோருக்கும் இந்த "எல்லாமே" பழக்கமானது. சின்ன வயதில் சூரியனுக்குக் கண்ணும் வாயும் வைத்துச் சந்தோஷமாக வரைந்த அதே பிள்ளைகள்தான். பதினொன்று, பன்னிரண்டு வயதில் அவர்கள் கண் கூர்மையாகிவிடுகிறது. கை இன்னும் அந்த அளவுக்கு வரவில்லை. படம் அசலைப் போல இல்லை என்று தெரிகிறது, ஏன் இல்லை என்று தெரிவதில்லை. குழந்தைகள் வரைவதைப் பல ஆண்டுகள் ஆராய்ந்த விக்டர் லோவன்ஃபெல்ட், 1947-ல் வெளியிட்ட நூலில், இந்த வயதில் பிள்ளைகள் தங்கள் படத்தைத் தாங்களே கடுமையாக எடைபோடத் தொடங்குவதை விரிவாகச் சொல்கிறார். இந்தக் கட்டத்தில்தான் பலர் "எனக்கு வரைய வராது" என்று முடிவு கட்டி, வாழ்நாள் முழுக்க அதையே நம்பிவிடுகிறார்கள்.

ஓவியத்தின் கூறுகள் இந்த வயதுப் பிள்ளைக்குத் தேவைப்படுவது இதற்காகத்தான். கோடு, வடிவம், கன உருவம், வெளி (பொருளைச் சுற்றியும் நடுவிலும் உள்ள இடம்), டோன் (வெளிச்சம்-இருட்டின் அளவு), நிறம், டெக்ஸ்சர் (மேற்பரப்பின் தன்மை) என்ற ஏழையும் மனப்பாடம் செய்து பரீட்சையில் எழுதுவதால் ஒரு பயனும் இல்லை. "எல்லாமே நல்லா இல்லை" என்ற இடத்திலிருந்து "ஷூவுக்குள் இருக்கிற இருட்டு என் படத்தில் இல்லை" என்ற இடத்துக்கு ஒரு பிள்ளை வந்துவிட்டால், அடுத்து என்ன செய்ய வேண்டும் என்று அவனுக்கே தெரிந்துவிடும். அந்த இடத்துக்குக் கூட்டிப்போகும் சொற்கள்தான் இந்த ஏழும்.

ஏழு என்ற எண்ணிக்கையும் கல்லில் பொறித்ததல்ல. ஆர்தர் வெஸ்லி டவ் என்ற அமெரிக்க ஓவிய ஆசிரியர் 1899-ல் எழுதிய பாடநூலில் மூன்றே மூன்றைத்தான் எடுத்துக்கொண்டார்: கோடு, ஒளி-இருள் அமைப்பு, நிறம். நடுவில் உள்ளதற்கு 'நோட்டான்' என்ற ஜப்பானியச் சொல்லைப் பயன்படுத்தினார். பின்னாளில் புகழ்பெற்ற அமெரிக்க ஓவியர் ஜார்ஜியா ஓ'கீஃப் அவரிடம் படித்தவர்தான். சில பாடநூல்கள் புள்ளியையும் ஒரு கூறாகச் சேர்ப்பதுண்டு. பிள்ளைகளிடம் இதை வெளிப்படையாகவே சொல்லிவிடலாம். இவை பார்ப்பதற்கு வசதியாக மனிதர்கள் பிரித்துக்கொண்ட பிரிவுகள், அவ்வளவுதான்.

முதல் வகுப்பில் ஏழையும் பலகையில் எழுதாதீர்கள். ஒவ்வொருவரும் அவரவர் ஷூவை வரையட்டும். திருத்த வேண்டாம், மதிப்பெண் வேண்டாம். தேதி போட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். அப்புறம் வாரத்துக்கு ஒரு கூறு, சிலவற்றுக்கு இரண்டு வாரம்.

கோடு

கோட்டைப் பற்றிப் பேசுவதற்கு முன் ஒரு பயிற்சி. பிள்ளைகள் இடது கையை மேசை மேல் வைத்து, அதை மட்டுமே பார்த்து, தாளைப் பார்க்காமல் வரைய வேண்டும். ஐந்து நிமிடம். கண் விரலின் ஓரத்தில் எறும்பு மாதிரி ஊர வேண்டும். பென்சிலும் அதே வேகத்தில் நகர வேண்டும். வகுப்பு சிரிக்கும், விரல்கள் ஒன்றன் மேல் ஒன்று ஏறிக் கிடக்கும். ஆனால் அந்தக் கோணல் படத்தை உற்றுப் பாருங்கள். மூட்டு மடிப்பும் நகத்தின் வளைவும் அசலாக வந்திருக்கும். வழக்கமாகப் பிள்ளைகள் மனத்தில் பதிந்திருக்கும் 'கை' என்ற அடையாளத்தைத்தான் வரைகிறார்கள். இந்தப் பயிற்சியில் எதிரே இருக்கும் கையை வரைந்திருக்கிறார்கள்.

அடுத்தது, பொருள் எதையும் வரையாமல் கோடு மட்டும். கோபமான கோடு, தூங்கி வழிகிற கோடு, தயங்குகிற கோடு. பென்சிலை அழுத்துவதும் விடுவதும் எவ்வளவு பேசும் என்று அப்போது புரியும். ஷூவின் அடிப்பாகம் தரையில் உட்காரும் இடத்தில் கோடு தடித்து, மேலே லேஸ் பக்கம் மெலிந்தால் போதும், ஷூவுக்கு எடை வந்துவிடும். ஒரே தடிமனில் சுற்றி வந்த அவுட்லைன்தான் பல படங்களைச் சப்பென்று ஆக்குகிறது.

கோடு எவ்வளவு தூரம் போகும் என்று காட்ட, ஜெர்மன் ஓவியர் ஆல்பிரெக்ட் டியூரர் 1515-ல் செய்த காண்டாமிருகப் படத்தை எடுத்துக்கொள்ளுங்கள். இந்தியாவிலிருந்து கப்பலில் லிஸ்பனுக்குப் போன ஒரு காண்டாமிருகம் அது. டியூரர் அதை நேரில் பார்த்ததே இல்லை; வேறொருவர் எழுதிய விவரத்தையும் ஒரு கோட்டோவியத்தையும் வைத்துச் செய்தார். உண்மையில் இல்லாத கொம்பு ஒன்றுகூடத் தோளில் இருக்கிறது. மரக்கட்டையில் செதுக்கி அச்சிட்ட படம் என்பதால் சாம்பல் நிறத்துக்கே வழியில்லை. மை இருக்கும், அல்லது இருக்காது. இருந்தும் அந்த உடம்பின் கனம், தோல் மடிப்பு, நிழல் எல்லாம் கோட்டிலேயே வந்திருக்கிறது. கோடுகள் நெருங்கினால் இருட்டு, விலகினால் வெளிச்சம். பிள்ளைகளுக்குக் கறுப்புப் பேனாவும் ஒரு தீப்பெட்டி அளவுக் கட்டமும் கொடுத்து, கோட்டை மட்டும் வைத்து அந்தக் கட்டத்தில் வெளிச்சத்திலிருந்து இருட்டுக்குப் போகச் சொல்லுங்கள்.

வடிவம், கன உருவம், இடைவெளி

வடிவம் என்றால் தட்டையானது. நீளமும் அகலமும் மட்டும் உண்டு. கன உருவத்துக்கு ஆழமும் உண்டு. கணக்குப் பாடத்தில் வட்டமும் கோளமும், சதுரமும் கனச்சதுரமும் ஏற்கெனவே படித்திருப்பதால் இந்த வேறுபாடு பிள்ளைகளுக்குச் சட்டென்று பிடிபடும். நீட்டி விளக்க வேண்டியதில்லை.

வடிவத்துக்குப் பென்சிலை வாங்கி வைத்துவிட்டுக் கத்தரிக்கோலைக் கொடுங்கள். பிரெஞ்சு ஓவியர் ஹென்றி மத்தீஸ் வயதான காலத்தில், பெரிய அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு, நின்று வரைய உடம்பு இடம் கொடுக்காதபோது, வண்ணம் பூசிய தாளைக் கத்தரித்து ஒட்டியே படங்கள் செய்தார். 1953-ல் செய்த 'நத்தை' அப்படிப்பட்டதுதான். ஏறக்குறைய மூன்று மீட்டர் சதுரத்தில் வண்ணத்தாள் துண்டுகள் சுருள் போல ஒன்றையொன்று தொடர்ந்து போகின்றன. நத்தையின் கொம்பு இல்லை, கண் இல்லை. அதன் சுழற்சி மட்டும் இருக்கிறது. பிள்ளைகள் ஷூவைப் பார்த்து, கோடு போடாமல், ஐந்தே துண்டுகளாகக் கத்தரித்து ஒட்டட்டும். எதை விடுவது, எதை வைப்பது என்று முடிவெடுக்க வேண்டியிருக்கும். நன்றாக வரைபவன் என்று பெயரெடுத்த பிள்ளை இங்கே திணறுவதும், பின்வரிசையில் ஒதுங்கியிருக்கும் பிள்ளை சட்டென்று முடிப்பதும் நான் பலமுறை பார்த்தது. அந்தப் பிள்ளைக்கு அன்று கிடைக்கும் தைரியம் சாதாரணமானதல்ல.

வெளி என்ற கூறை நான் ஆழத்திலிருந்து தொடங்குவதில்லை, இடைவெளியிலிருந்து தொடங்குகிறேன். நாற்காலியை மேசை மேல் ஏற்றி வையுங்கள். நாற்காலியை வரையக் கூடாது. கால்களுக்கு நடுவிலும் முதுகுச் சட்டங்களுக்கு நடுவிலும் தெரியும் காலி இடங்களை மட்டும் வரைந்து கறுப்பாக நிரப்ப வேண்டும். முடிக்கும்போது தாளில் வெள்ளையாக ஒரு நாற்காலி நிற்கும், பெரும்பாலும் அவர்கள் இதுவரை வரைந்ததிலேயே ஒழுங்கான நாற்காலி. காரணம் எளிது. நாற்காலிக்கு நாலு கால், எல்லாம் ஒரே நீளம் என்று மூளை முன்கூட்டியே சொல்லிவிடுகிறது, கை அதையே வரைகிறது. இரண்டு காலுக்கு நடுவிலிருக்கும் கோணல் நாற்கரத்தைப் பற்றி மூளைக்கு ஒரு முன்முடிவும் இல்லை. வேறு வழியில்லாமல் கண் பார்க்கிறது. பூஞ்சாடியாகவும் எதிரெதிரே இரண்டு முகங்களாகவும் மாறி மாறித் தெரியும் படத்தைப் பிள்ளைகள் எங்கேயாவது பார்த்திருப்பார்கள். டென்மார்க் உளவியலாளர் எட்கர் ரூபின் 1915-ல் தன் ஆய்வில் பயன்படுத்தியது. உருவமும் பின்புலமும் ஒரே கோட்டைப் பங்கு போட்டுக்கொள்வதை அது நன்றாகக் காட்டும்.

ஆழத்துக்கு மூன்று உத்திகள் போதும். முன்னால் இருப்பது பின்னால் இருப்பதை மறைக்கும். தூரத்தில் இருப்பது சிறியதாகத் தெரியும். தூரம் போகப் போக விவரம் மங்கும். ஜப்பானிய ஓவியர் ஹொகுசாயின் பேரலைப் படம் 1831 வாக்கில் வந்தது, இரண்டு ஏ4 தாளைக்கூட நிரப்பாத அச்சுப்படம். ஜப்பானின் மிக உயரமான மலையான ஃபுஜி அதில் அலைக்கு அடியில் ஒரு சின்ன முக்கோணம். அந்த முக்கோணத்தை விரலால் மறைத்துக் காட்டுங்கள்; அலை எவ்வளவு பெரியது என்ற உணர்வில் பாதி காணாமல் போகும். மறையும் புள்ளி, அடிவானக் கோடு எல்லாம் வைத்து ஆழத்தைக் கட்டும் முறையை எட்டாம் வகுப்பில் சொல்லிக்கொள்ளலாம். ஆறாம் வகுப்பிலேயே ஸ்கேலைக் கையில் கொடுத்தால் பிள்ளைகள் பார்ப்பதை நிறுத்திவிட்டு அளக்கத் தொடங்கிவிடுகிறார்கள்.

டோன்: நேரம் அதிகம் செலவிட வேண்டிய இடம்

ஓர் ஆண்டில் ஒரே ஒரு கூறுதான் சொல்லித்தர முடியும் என்றால் நான் டோனைத்தான் எடுத்துக்கொள்வேன். ஓர் இடம் எவ்வளவு வெளிச்சம் அல்லது எவ்வளவு இருட்டு என்பதுதான் டோன். நிறத்தின் பெயரோடு அதற்குச் சம்பந்தமில்லை. பாடநூல்களில் இதற்கு வெவ்வேறு தமிழ்ச் சொற்கள் இருக்கின்றன. பிள்ளைகள் வாயில் நிற்பது டோனும் ஷேடிங்கும்தான், அதுவே போதும்.

ஜன்னல்களை மூடிவிட்டு, வெள்ளைத் தாள் மேல் ஒரு வெள்ளை முட்டை வையுங்கள். பக்கத்திலிருந்து ஒரே ஒரு மேசை விளக்கு. "இந்த முட்டை என்ன நிறம்?" வெள்ளை என்பார்கள். "அப்போ எதை வரையப் போறீங்க?" கொஞ்சம் அமைதியாகும். முதல் முயற்சியில் ஏறக்குறைய எல்லோரும் சுற்றி ஒரு கறுப்புக் கோடு போட்டுவிடுவார்கள். அந்தக் கோடு முட்டையில் எங்கே இருக்கிறது என்று எழுந்து வந்து தொட்டுக் காட்டச் சொல்லுங்கள். காட்ட முடியாது. விளக்கு விழும் பக்கத்தில் முட்டையின் ஓரம் தாளோடு கலந்து காணாமலே போயிருக்கும். பின்னால் ஒரு கறுப்பு அட்டையைச் செருகினால் அதே ஓரம் பளிச்சென்று குதித்து வரும். அட்டையை எடுத்தால் மறுபடி கரைந்துவிடும். இரண்டு டோன்கள் சந்திக்கும் இடத்தைத்தான் நாம் ஓரம் என்கிறோம். இதை வார்த்தையால் விளக்கிப் புரியவைக்க நான் முயன்று தோற்றிருக்கிறேன். அந்த அட்டை ஒரு நொடியில் செய்துவிடுகிறது.

அடுத்த கேள்வி, முட்டையிலேயே மிக இருட்டான இடம் எது. விளக்குக்கு எதிர்ப்பக்க ஓரத்தைக் காட்டுவார்கள். கண்ணைச் சுருக்கிப் பார்க்கச் சொல்லுங்கள். இருட்டான பட்டை ஓரத்தில் இருக்காது, ஓரத்திலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி இருக்கும். தாளில் பட்ட வெளிச்சம் மேலே தெறித்து முட்டையின் அடிப்பக்கத்தை லேசாக வெளுக்க வைக்கிறது. தாளுக்குப் பதில் கறுப்புத் துணியை விரித்தால் அந்த வெளுப்பு பெரும்பாலும் போய்விடும். முட்டை தாளைத் தொடும் இடத்தில், நிழலுக்கு அடியில், மெல்லிய ஒரு கீற்று எல்லாவற்றையும்விடக் கறுப்பாக இருக்கும். அந்தக் கீற்றை வைத்த உடனே மிதந்துகொண்டிருந்த முட்டை தாளில் வந்து உட்காரும். வகுப்பில் யாராவது ஒரு பிள்ளை "ஐயோ!" என்று சத்தமாகச் சொல்லும். தட்டையாக இருந்த வட்டம் கன உருவமாக மாறுவதைத் தன் கையாலேயே பார்த்த வியப்பு அது. கன உருவத்துக்குத் தனியாகப் பாடம் எடுக்க வேண்டியதில்லை என்று நான் நினைப்பதும் இதனால்தான்.

பிள்ளைகளின் ஷேடிங் பெரும்பாலும் ஏன் மங்கலாக இருக்கிறது? அழுத்தப் பயப்படுகிறார்கள். எச்பி பென்சில் மட்டும் வைத்திருந்தால் அழுத்தினாலும் ஓரளவுக்கு மேல் கறுக்காது. இன்னும் மென்மையான, கறுப்பாக எழுதும் 4பி அல்லது 6பி பென்சில் ஒன்று இருக்கட்டும். ஐந்து கட்டம் போட்டு, முதலாவதைத் தாளாகவே விட்டு, கடைசியைப் பென்சில் எவ்வளவு கறுக்குமோ அவ்வளவு கறுக்கி, அப்புறம் நடுக்கட்டம், அதன் பின் மற்ற இரண்டு. இந்த வரிசையில் செய்தால்தான் படிகள் சமமாக வரும். இடமிருந்து வலமாகப் போனால் நாலாவது கட்டத்திலேயே கறுப்பு தீர்ந்துவிடும். இந்தப் பட்டையைக் கத்தரித்து வைத்துக்கொண்டு, எதை வரையும்போதும் பக்கத்தில் பிடித்துப் பார்க்கலாம்.

கண் எவ்வளவு எளிதாக ஏமாறும் என்பதையும் காட்டிவிடுங்கள். ஒரே சாம்பல் தாளிலிருந்து வெட்டிய இரண்டு சதுரங்களில் ஒன்றைக் கறுப்பு அட்டையிலும் மற்றதை வெள்ளை அட்டையிலும் வையுங்கள். கறுப்பின் மேல் இருப்பது வெளுப்பாகத் தெரியும். ஒரே தாள் என்று சொன்னால் நம்ப மாட்டார்கள். இரண்டையும் பக்கத்தில் வைத்துக் காட்ட வேண்டியிருக்கும். எந்த டோனையும் பக்கத்தில் இருப்பதோடு சேர்த்துத்தான் பார்க்க முடியும் என்பது அதற்குப் பிறகு மறக்காது. நிறமே இல்லாமல் டோன் எவ்வளவு சுமக்கும் என்பதற்குப் பிக்காஸோவின் 'கெர்னிகா'வைக் காட்டலாம். 1937-ல் வரைந்தது, ஏறக்குறைய மூன்றரை மீட்டர் உயரம், எட்டு மீட்டருக்குச் சற்றுக் குறைந்த அகலம், முழுக்கக் கறுப்பும் வெள்ளையும் சாம்பலும்தான். குண்டுவீச்சுக்கு ஆளான ஊரைப் பற்றிய படம் என்பதால், அதைப் பற்றிப் பேசக் கொஞ்சம் நேரம் ஒதுக்கிக்கொள்ளுங்கள்.

நிறம்

டோனுக்குப் பிறகு நிறம். இந்த வரிசையை மாற்றாதீர்கள். மாற்றினால் பிள்ளைகள் நிறத்தின் பெயரை மட்டும் பார்ப்பார்கள்: இலை பச்சை, வானம் நீலம், முடிந்தது. வண்ணம் தீட்டிய படத்தைக் கைபேசியில் எடுத்துக் கறுப்பு வெள்ளையாக மாற்றிக் காட்டினால் உண்மை தெரியும். சிவப்பும் பச்சையும் ஒரே சாம்பலாகி, படத்தின் பாதி காணாமல் போயிருக்கும்.

வண்ணச் சக்கரத்தை வரையவைத்தே இரண்டு வாரம் ஓட்டுவதில் எனக்கு உடன்பாடில்லை. நிறங்களை வட்டமாக அடுக்கும் எண்ணத்தை நியூட்டன் 1704-ல் அச்சிட்டார், அது அழகான எண்ணம்தான். ஆனால் பிள்ளைகள் கலந்து பார்த்துத்தான் நிறத்தைக் கற்கிறார்கள். டப்பாவில் இருக்கும் பச்சையைத் தொடாமல், ஓர் இலையைப் பக்கத்தில் வைத்து, மஞ்சளும் நீலமும் கலந்து அந்தப் பச்சையை எட்டச் சொல்லுங்கள். முதலில் வரும் பச்சை பிளாஸ்டிக் மாதிரி இருக்கும். அதில் துளி சிவப்பைச் சேர்த்தால் மிரட்டல் அடங்கி இலைக்குப் பக்கத்தில் வரும். பச்சைக்கு எதிர் நிறம் சிவப்பு, எதிர் நிறம் செறிவைக் குறைக்கும் என்ற பாடம் அங்கேயே முடிந்துவிட்டது. மஞ்சளில் நிழல் வேண்டும் என்று கறுப்பைக் கலக்கும் பிள்ளைக்கு ஒரு மாதிரிப் பச்சை கிடைக்கும். தடுக்காதீர்கள், அந்த ஏமாற்றம் நல்ல ஆசிரியர்.

"முதன்மை நிறம் சிவப்பு, மஞ்சள், நீலம்னு சொன்னீங்க, பிரிண்டர்ல வேற மாதிரி இருக்கே?" என்று யாராவது கேட்பார்கள். கேட்டால் மகிழுங்கள். திரை வெளிச்சத்தைக் கூட்டுகிறது; சிவப்பு, பச்சை, நீல ஒளிகள் சேர்ந்தால் வெள்ளை. மையும் வண்ணமும் வெளிச்சத்தை விழுங்குகின்றன. சேரச் சேர இருட்டும். அச்சில் சயான் (பச்சை சாய்ந்த நீலம்), மஜந்தா (ஊதா சாய்ந்த சிவப்பு), மஞ்சள் மூன்றும்தான் அதிக நிறங்களைத் தரும், கூடக் கறுப்பும் உண்டு. சிவப்பு, மஞ்சள், நீலம் என்பது ஓவியர்களிடமிருந்து வந்த பழைய வழக்கம், வகுப்பறைக்குப் போதுமானது. சிவப்பும் நீலமும் கலந்து ஊதா செய்தால் சேறு மாதிரி வருகிறது என்ற புகாருக்கும் பதில் இதில்தான். ஆரஞ்சுப் பக்கம் சாய்ந்த சிவப்பில் மஞ்சள் ஒளிந்திருக்கிறது. மஜந்தா பக்கம் சாய்ந்த சிவப்பை எடுத்தால் ஊதா தெளியும்.

டெக்ஸ்சர்

மேற்பரப்பைத் தொட்டால் எப்படி இருக்கும் என்பது. நாணயம், மரப்பலகை, இலையின் பின்பக்கம் எதன் மேலாவது மெல்லிய தாளை வைத்துப் பென்சிலைப் படுக்கவைத்துத் தேய்த்தால் அதன் முகம் தாளில் வந்துவிடும். ஜெர்மனியில் பிறந்த ஓவியர் மாக்ஸ் எர்ன்ஸ்ட் 1925-ல் மரத்தரையின் ரேகைகளை இப்படித் தேய்த்தெடுத்து, அதிலிருந்து காடும் பறவையும் கண்டுபிடித்தார். பிள்ளைகளும் தேய்த்ததை அப்படியே விடாமல், அதில் என்ன தெரிகிறது என்று பார்த்து மேலே வரையட்டும். தொட்டால் தெரியும் மேடு பள்ளம் ஒரு வகை. வான்கோ 1889-ல் தீட்டிய 'விண்மீன் இரவு' படத்தில் வண்ணம் அப்படித்தான் திப்பி திப்பியாக நிற்கிறது. தொட்டால் வழவழப்பாகவும் பார்த்தால் சொரசொரப்பாகவும் இருப்பது இன்னொரு வகை. ஷூவின் தோலையும் லேஸின் நெசவையும் வேறுபடுத்த இரண்டாவது வகைதான் வேண்டும்.

மதிப்பிடுவது

கடைசி வாரம் அதே ஷூவை மறுபடி வரையச் சொல்லுங்கள். முதல் வாரப் படத்தைத் திருப்பிக் கொடுங்கள். எந்தப் படம் நன்றாக இருக்கிறது என்று கேட்காதீர்கள். தாளின் பின்பக்கம் இரண்டு வரி எழுதச் சொல்லுங்கள்: எந்தக் கூறில் அதிகம் வேலை செய்தாய், இன்னும் ஒரு மணி நேரம் கிடைத்தால் எதைத் திருத்துவாய். நான் மதிப்பெண் போடுவது பெரும்பாலும் இந்த இரண்டாவது வரிக்குத்தான். படம் சுமாராக இருந்தும் அந்த வரி சரியாக இருந்தால் அந்தப் பிள்ளை கற்றுக்கொண்டிருக்கிறது என்று பொருள்.

பெற்றோருக்கும் ஒரு வேண்டுகோள். பிள்ளை படத்தைக் காட்டும்போது "சூப்பர்" என்று சொல்லி நிறுத்திவிடாதீர்கள். "இந்த நிழலை எப்படிக் கறுப்பாக்கினே?" என்று கேட்டுப் பாருங்கள், கால் மணி நேரம் பேசும்.

முதல் நாள் தாளைக் கவிழ்த்து வைத்த பையன் கடைசி வாரம் பின்பக்கத்தில் எழுதியிருந்தது: "லேஸ் நல்லா வந்திருக்கு. ஆனா ஷூ வாய்க்குள்ள இன்னும் இருட்டு வேணும், 6பி தீந்துபோச்சு."